கம்ப்யூட்டரைப் போடுகிற வேலை

ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் எட்டு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டினேன். கை வெடித்து விரலிடுக்கில் நீர் வடிந்தது. ஈரத்தில் கையே வைக்கக் கூடாது என்று வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்த மேனேஜர் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

காலையில் முதல் ஆளாகப் போய் அறையைப் பெருக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆட்களின் வருகைப் பதிவு முழுக்க அதில்தான் இருந்தது. மூன்று மாதத்தில் கை ஆறியது. ஸ்பூனைத் தூர வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

ஒருநாள் கிளார்க் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். சென்னையிலிருந்து வந்த இஞ்சினியர் மெஷினை அணைத்துப் போட்டு, கறுப்புத் திரையில் முதல் வரி வந்து நின்றதும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் திறந்துகொண்டது. துடைப்பத்தோடு பின்னால் நின்றவனை யாரும் கவனிக்கவில்லை. படித்தது ஐந்தாவதுதான், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியும்.

அறைக்குப் பூட்டு கிடையாது. மதியம் யார் யாரோ ஃபேன் காற்றுக்கு வந்து உட்காருவார்கள். யாராவது பதிவை அழித்துவிட்டால் என்னைத்தான் பிடிப்பார்கள். ஒரு மாதம் இதே பயம். இஞ்சினியர் மறுபடி வந்தபோது மேனேஜரும் கிளார்க்கும் கூட இருந்தார்கள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது.

“சார், இது... தொறந்தே கீது” என்றேன்.

“இன்னா தொறந்து கீது? ஜன்னலா?” என்றார் கிளார்க்.

சொல்லத் தெரியாமல் செய்து காட்டினேன். அணைத்துப் போட்டு, ஒற்றை விரலால் அந்த இரண்டு சொற்களைத் தட்டினேன். திறந்துகொண்டது.

“அஞ்சாங்கிளாஸ் இஞ்சினியருபா!” என்று கிளார்க் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

“எத்தினி நாளா தெரியும்?”

“ஒரு மாசமா சார்.”

“ஒரு மாசமா இன்னா பண்ணின?”

“பயந்துனு இருந்தேன் சார்.”

மெஷின் எழுந்ததும் முதலில் ஓடுகிற சின்ன புரோகிராமுக்கு பூட் லோடர் என்று பெயராம். இஞ்சினியர் அதற்கே ஒரு பாஸ்வேர்டு வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை போடும்போதும் அது பாஸ்வேர்டு கேட்டது. அதை மேனேஜரும் கிளார்க்கும் மட்டுமே தெரிந்து வைத்துக்கொண்டார்கள். என்னிடம் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. மெஷினைப் போட முடியாதவனுக்கு அந்த அறையில் என்ன வேலை?

டாக்டர் சீட்டை மறுபடி நீட்டினேன். மேனேஜர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான கீது” என்றார்.

மறுநாள் தொட்டிக்குத் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து டீக்கடையில் கிளார்க் சொன்னார். “புது இஞ்சினியர் வந்தாருபா. அந்த பூட் லோடர்ல இன்னும் ஒரே ஒரு வார்த்த சேத்திருந்தா, மெஷின் சும்மா போட்டா தானா எழுந்துக்குமாம். எவனாவது உன்ன மாதிரி அந்த மொத வரில ஏதாவது தட்டினாத்தான் பாஸ்வேர்டு கேக்குமாம்.”

“சேத்துட்டாரா சார்?”

“இப்ப எதுக்கு? அதான் காலைல நானே வந்து போட்டுக்கறேனே.”

விரல்களை மடக்க முடியவில்லை. கிளாஸை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே பிடித்து டீயைக் குடித்தேன்.