செல்லுபடியாகிற பக்கம்

பெத்ரோ ஹுவான் ஊரில் இவோனி சுடும் பாலாடைக்கட்டி ரொட்டிக்குக் காலையிலேயே ஆள் நிற்பார்கள். அவள் பிறந்தது தெருவுக்கு அந்தப்புறம், பிரேசிலில். குடியிருப்பது இந்தப்புறம், பராகுவேயில், தையற்காரி நிமியாவோடு. நடுவில் வேலியும் இல்லை, சுவரும் இல்லை, ஒரு தெருதான். தாண்டிப் போனால் இருவரும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். திரும்பி வந்தால் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்கள், அவ்வளவே.

"அந்தப்பக்கம் நீ எனக்குப் பெண்டாட்டி, இந்தப்பக்கம் குடக்கூலிக்கு இருக்கிறவ. வாடகைய எடுடி" என்று நிமியா கேலி செய்வாள்.

கல்யாணத்தன்று நிமியாவின் அண்ணன் தெர்லிஸ் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குளிர்ந்த தெரெரே பச்சிலைத் தண்ணீர் ஒரே குவளையில், ஒரே உறிஞ்சுகுழலோடு, ஆள் மாற்றி ஆள் சுற்றி வந்தது. எங்கள் ஊரில் குவளையைப் பேசாமல் திருப்பிக் கொடுத்தால் மறு சுற்றிலும் ஊற்றுவார்கள். நன்றி சொல்லிக் கொடுத்தால், போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். தெர்லிஸ் ஒரு வாய் உறிஞ்சினார். நன்றி என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் நிமியாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இவோனி அவளை இந்தப்புறத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். பித்தப்பையில் கல், அறுக்க வேண்டும் என்றார்கள். நிமியாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இவோனி கதவோடு நின்றாள்.

"நீங்க யாரும்மா அவங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அவ வீட்டுக்காரி நான்."

நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. "அது இங்க செல்லாதும்மா. நான் என்ன பண்ணட்டும்? கூடப்பொறந்தவங்க யாராச்சும் வந்து கையெழுத்துப் போடணும்."

மாதாவை வேண்டிக்கொண்டே இவோனி தெர்லிஸின் தச்சுப்பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, என் முகத்தைப் பார்க்க வேணாம். அவ தனியா கிடக்கா. கண்ணு முழிச்சா தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல வேணாமா?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே போனவர் சற்று நேரத்தில் வெளியே வந்தார். "எத்தனை வருஷம் கழிச்சுப் பார்க்கிறா. முதல் வார்த்தை, 'இவோனி எங்க?' நான் ஒரு மனுஷனாவே கண்ணுக்குத் தெரியல அவளுக்கு."

"கையெழுத்துப் போட்டீங்களா அண்ணே?"

"போட்டேன். அறுக்கிறதுக்கு இல்ல, கூட்டிட்டுப் போறதுக்கு. தெரு தாண்டுற வரைக்கும் தாங்குவாள்னு டாக்டர் சொல்றாரு. வா, நீ செல்லுபடியாகிற பக்கத்துக்கே போவோம்."

அந்தப்புறத்து ஆஸ்பத்திரியில் வாசற்காவலர் கல்யாணச் சான்றிதழைப் பார்த்தார். "மனைவியா? உள்ள போங்கம்மா." பின்னாலேயே வந்த தெர்லிஸை மறித்தார். "ஒருத்தர்தான் சார்."

"யோவ், நான் கூடப்பொறந்த அண்ணன்யா."

"அதான் வீட்டுக்காரங்க போயிட்டாங்கல்ல. நீங்க அப்படி உக்காருங்க."

அறுவை முடியும்வரை தெர்லிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிமியா கண் விழித்தபோது அவள் கை இவோனியின் கைக்குள் இருந்தது.

வீடு திரும்பிய பின் வந்த ஞாயிறன்று, பூசை முடிந்த கையோடு தெர்லிஸ் அந்த வாசலுக்கு வந்தார்.

"உங்களை வெளியில உக்கார வச்சுட்டாங்களாமே" என்று நிமியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி, தையல் விட்டுப்போகும்."

இவோனி குவளையை நிரப்பி நீட்டினாள். அவர் அடி வறண்டு சத்தம் வரும்வரை உறிஞ்சினார். பிறகு குவளையைத் திருப்பி நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

இவோனி மறுபடி ஊற்றினாள்.