டாக்டர் மதிவாணனுக்கு நான் போட்ட கையெழுத்து

செய்தி வந்தபோது ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் பஸ்ஸில் இருந்தேன். மலைப்பாதையில் சிக்னல் வரும், போகும். ஒரு வளைவில் போனுக்கு உயிர் வந்து, பழைய கிளினிக் குரூப்பில் கும்பிட்ட கைப் படங்களாக வந்து விழுந்தன. நம் டாக்டர் சார் மாரடைப்பில் காலமானார் என்று நடுவில் ஒரு வரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இன்னாங்க, கெட்ட சேதியா?" என்று கேட்டாள். "தெரிஞ்சவர் ஒருத்தர் போய்ட்டாரு" என்றேன். அழுகை வரும் என்று திருப்பத்தூர் வரை காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் மேனேஜர் சேகர் போன் செய்தார். "சிஸ்டர், காரியத்தன்னிக்கு ஒரு நினைவு மலர் போடறோம். நீங்கதான் நல்லா எழுதுவீங்க. ரெண்டு பக்கம் நல்லதா எழுதிக் குடுத்துடுங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. பதினோரு வருஷம் அந்த கிளினிக்கின் ரெஜிஸ்டர்களை எழுதியவள் நான். நடக்காததை நடந்ததாக அழகாக எழுத என்னை விட்டால் அவர்களுக்கு வேறு ஆள் ஏது? சரி, எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம். திருப்பத்தூரில் கீழே காய்ச்சல், சளிக்கு ஒரு தளம், மேலே முகப்பொலிவுக்கு ஒரு தளம் என்று டாக்டர் மதிவாணன் கிளினிக் நடத்தினார். மேலே கண்ணாடிக் கதவு, ஏசி, எலுமிச்சை வாசனை. மலையிலிருந்து ஜனங்கள் தேடி வந்ததற்கு அந்த வாசனை காரணமில்லை. அவர் அடிவாரத்துக்காரர். "வாம்மா, வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்பார். ஒரு டாக்டர் நம்மைப் போலப் பேசினால் நமக்கு வேறென்ன வேண்டும்? மயங்கித்தான் போனோம். காவலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நானும் மயங்கினேன்.

தரச் சான்றிதழுக்கு ஆய்வுக்காரர்கள் வருவதற்கு முந்தின வாரம் நினைவிருக்கிறதா, நண்பர்களே? கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வால்வு பழுதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. கத்தரிகளை வெந்நீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தோம். பொட்டலத்தில் ஒட்டுகிற டேப்பில், நீராவி சரியாகப் பட்டால்தான் கோடுகள் கறுக்கும். எங்கள் டேப்பில் கோடுகள் வெளுத்தே இருந்தன. டாக்டர் என் மேசையில் ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை வைத்தார். "கோடு போடுங்க சிஸ்டர். கிருமி யார் கண்ணுக்குத் தெரியும்? கோடுதான் தெரியும்" என்றார். நான் போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டேன். ஒரு வருஷத்து ரெஜிஸ்டரை மூன்று நாளில் எழுதி முடித்தோம். சந்தேகம் வராமலிருக்கப் பேனாவை மாற்றி மாற்றி எழுதச் சொன்னதும் அவர்தான். மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடும் மஞ்சள், சிவப்பு, நீலக் குப்பைத் தொட்டிகள் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அன்று மாலையே திரும்பிப் போயின. சான்றிதழ் வந்ததும் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வரவேற்பறையில் மாட்டினார்கள். அதைப் பார்த்து நோயாளிகள் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மலைக்கு ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. டாக்டர் தன் காரை எடுத்துக்கொண்டு தானே ஓட்டி வந்தார். வேலூர் வரை அப்பாவைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்பா இன்றைக்கும் நடக்கிறார். இதை எழுதாமல் விட்டால் நானும் பொய்க்காரி. ஆனால் இந்த ஒரு உதவியை வைத்துத்தான் அவர் என் வாயை அடைத்தார் என்பதையும் எழுதத்தானே வேண்டும்?

மேல் தளத்தில் ஒரு சின்ன பிரிட்ஜ் இருந்தது. அதில் தோலுரிக்கும் ஆசிட் பாட்டில்கள். ஒன்று வீரியம் குறைந்தது, முகத்தில் படரும் கறுப்பு மங்குக்கு. இன்னொன்று கடுமையானது, கால் ஆணிக்கும் மருவுக்கும். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில். பிரிட்ஜ் ஈரத்தில் லேபிள்கள் ஊறிக் கழன்றுவிடும். புது லேபிள் ஒட்டலாம் என்று சொன்னபோதெல்லாம், "லேபிள் வெளியாளுக்கும்மா. நமக்குத் தெரியாதா?" என்று தட்டிக்கழித்துவிடுவார். ஆகவே ரப்பர் பேண்டு. முகத்துக்கு மஞ்சள், காலுக்குச் சிவப்பு. வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடியது.

ஒருநாள் காலை சிவப்பு ரப்பர் பேண்டு இற்றுப்போய் அறுந்து கிடந்தது. டிராயரில் சிவப்பு இல்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கைக்கு வந்ததைப் போட்டேன். அது மஞ்சள். கீழ்த்தளத்தில் கூட்டம்; கூப்பிட்டார்கள், போனேன், மறந்தேன்.

அன்று மதியம் அலமேலு வந்தாள். மலை கிராமத்துப் பெண். புளிக்காலம் முடிந்ததும் கல்யாணம் வைத்திருந்தார்கள். இரண்டு கன்னத்திலும் மங்கு. எங்களிடம் நான்காவது முறையாக வருகிறாள். மஞ்சள் ரப்பர் பேண்டு போட்ட பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், டாக்டர் பூசினார். பூசிய உடனே, "அக்கா, எரியுதுக்கா" என்றாள். "கொஞ்சம் எரியும்மா, பொறுத்துக்கோ" என்றேன். "போன தபா இப்டி எரியலக்கா" என்று என் கையைப் பிடித்தாள். கன்னம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்தது. அப்போதுதான் எனக்கு ரப்பர் பேண்டு நினைவுக்கு வந்தது. டாக்டருக்கும் புரிந்துவிட்டது, பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேலூருக்கு அனுப்பலாம் என்றேன். அவரோ களிம்பைத் தடவி, துப்பட்டாவால் முகத்தை மூடி, மலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா அவளை அழைத்து வந்தார். இரண்டு கன்னத்திலும் தோல் சுருங்கி, தடித்து, கறுத்திருந்தது. அந்த அம்மா சண்டை போடவில்லை. "இன்னா சார் இப்டி ஆயிட்ச்சி?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: சொன்ன அறிவுரையை மீறி, நோயாளி வெயிலில் புளி அடிக்கப் போனதால் ஏற்பட்ட பாதிப்பு. கீழே சாட்சி என்று ஒரு கோடு. "போடுங்க. உங்களையும் சேர்த்துத்தான் காப்பாத்தறேன்" என்றார். பிறகு, "அப்பா நல்லா நடக்கிறாரா?" என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை அவர் அந்த அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டுத் திரும்பி, மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வெயில்ல போவாதன்னு சொன்னாங்கல்ல, எரும!" அலமேலு, "நான் போவலம்மா" என்றாள். மலையில் புளிக்காலத்தில் வெயிலில் போகாத பெண் யார்? தாயே நம்பவில்லை. மாப்பிள்ளை வீடும் நம்பவில்லை, கல்யாணம் நின்றது. தன் முகத்தைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

போன வருஷம் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டாள். நான் நகரப் பார்த்தேன், விடவில்லை. "அக்கா, நீங்க அங்கதான இருந்தீங்க. நான் வெயில்லயா போனேன்? எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்றாள். "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். டாக்டர் உயிரோடிருக்கும்போது பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அவர் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக, அது முழுக்க அவரைப் பற்றிய பயமில்லை.

டாக்டர் மதிவாணன் கைராசிக்காரர், ஏழைகளின் தோழர் என்று மற்ற பக்கங்களில் எழுதுவீர்கள். எழுதுங்கள். சேகர் இந்தப் பக்கத்தை அச்சிட மாட்டார் என்று தெரியும். ஆகவே இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்று அவருக்கு. இன்னொன்றை நாளைக் காலை முதல் மலை பஸ்ஸில் நானே எடுத்துப் போகிறேன். என் நர்ஸ் பதிவு போனால் போகட்டும். டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் பேரில் ஒரு பொய். அதை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அலமேலுவின் அம்மாவுக்கு: உங்கள் பெண் வெயிலில் போகவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே அவள் முகம் வெந்திருந்தது. பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான். அன்று அவள் முதுகில் விழுந்த அடி எனக்கு விழ வேண்டியது.