கதவில் ஒட்டிய சம்மன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் யோசித்தேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் தயக்கம் அதனால் இல்லை. எழுதினால் நான் செய்த ஒரு தப்பும் வெளியே வரும். போன செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் சன்னதியில் நின்றபோது, இனியும் தள்ளிப்போட்டால் சாமி கேட்பார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 

1. என் வேலை

கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இருபத்தெட்டு வருடம் செய்தேன். சேர்ந்த அன்றே எங்கள் பிரிவுக்குத் தலைவரான நாஜர் சொன்னார்: "ஆள் இருந்தா கையில குடு, கையெழுத்து வாங்கு. இல்லன்னா கதவுல ஒட்டு, ரெண்டு சாட்சி புடி, ரிப்போர்ட் எழுது. மத்ததெல்லாம் ஜட்ஜ் ஐயா பாத்துப்பாரு."

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம்தான் எனக்கு அதிகம் விழும். அங்கே வரிசை வீடுகளில் விவாகரத்து சம்மனைப் பெண்கள் வாங்கவே மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் விவாகரத்துக்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும், போடாதவரை கேஸ் நகராது என்று ஒரு நம்பிக்கை வீட்டுக்கு வீடு உண்டு. ஃபைலோடு ஆள் வந்தால் தெருவே சேர்ந்து அந்தப் பெண்ணை ஒளித்துவிடும்.

2. நான் ஒட்டிய மதியம்

தேவி என்ற பெண் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பிரிந்துபோன புருஷன் விவாகரத்து கேட்டு மனு போட்டிருந்தான். ஆறு வயது மகளையும் தன்னிடமே விடவேண்டும் என்று அதில் கேட்டிருந்தான். நான் மூன்றாவது தடவையாகப் போனபோது, பக்கத்து வீட்டு பார்வதம்மா குழாயடியில் மறித்தார்.

"அவ இல்ல நைனா. சூளூர்பேட்டை போய்க்கீறா, அத்த ஊட்டுக்கு."

"போன வாரம் தடாவுக்குப் போயிருக்கான்னு சொன்னியேம்மா?"

"அங்கேர்ந்து அப்டியே போய்ட்டா. உனக்கு இன்னா, டிக்கெட் நீயா எடுத்தே?"

உள்ளே டிவி ஓடியது. கதவு இடுக்கில் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. பிள்ளை தனியாக இருக்காது, தாயும் உள்ளேதான் என்று புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை குரல் கொடுத்து விளக்கியிருக்கலாம். வெயில், பசி, இன்னும் நாலு சம்மன் பாக்கி. கதவில் ஒட்டினேன். டீக்கடையிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "ஆள் ஊரில் இல்லை" என்று ரிப்போர்ட் எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிச் சாமி முன்னால் நின்றால் அந்தப் பாதங்கள்தான் கண்ணில் நின்றன.

3. வாய்தா நாள்

மூன்று வாரம் கழித்து வாய்தா. காலையில் நோட்டீஸ் போர்டில் தேவி பெயரைப் பார்த்தேன். புருஷன் வக்கீலோடு வந்து நின்றிருந்தான். அவள் வரவில்லை. கோர்ட் சேவகரான டவாலி ஏழுமலை வாசலில் நின்று மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டான். பதில் இல்லை. மதியம் இரண்டரைக்கு இன்னொருமுறை கூப்பிடலாம், அப்போதும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி என்று ஜட்ஜ் ஐயா சொல்லிவிட்டார். அப்படியென்றால் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆகும். பிள்ளையும் அவன் பக்கம் போய்விடலாம்.

நாஜரிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"ஒட்டிட்டே இல்ல? உன் வேல முடிஞ்சுது. பேஜாரு புடிச்ச விஷயத்துல ஏன்யா தலைய உடுறே?"

"சொந்த வேலை சார்," என்றேன். அதுவும் உண்மைதான்.

ஓடிப்போய் ரயில் பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஆட்டோவில் போய் நின்றால், பார்வதம்மா அதே குழாயடியில் இருந்தார்.

"வா நைனா. மறுபடி ஒட்ட வந்துக்கீறியா? கதவுல எடமில்ல, செவுத்துல ஒட்டு."

நான் அவரைத் தாண்டிப் போனேன். மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா தேவி, நீ உள்ள இருக்கேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் யார் பக்கமும் பேச வரல. ரெண்டரை மணிக்கு நீ கோர்ட்டுல இல்லன்னா, உன் பொண்ணு யார்கிட்ட இருக்கணும்னு உன்னக் கேக்காமலே முடிவாயிடும்."

கதவு திறந்தது.

"நான் கையெழுத்தே போடலியே சார். எப்டி முடிவாவும்?"

"அது வாங்கிக்கினேன்னு போடுற கையெழுத்தும்மா. சம்மதம்னு போடுறது இல்ல. நீ போடலன்னாலும் கேஸ் நடக்கும். அந்தப் பேப்பர் எங்கே?"

சாமி அலமாரியைக் காட்டினாள். அம்மன் படத்துக்கு அடியில், மஞ்சள் குங்குமம் வைத்து, மடித்தபடி படிக்காமல் இருந்தது. கதவிலிருந்து நனைத்து உரித்து, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று வைத்திருக்கிறாள். அது எனக்குப் புரிந்தது. நானும் கும்பிடுகிறவன்தானே.

"அம்மன்கிட்ட வெச்சது சரிம்மா. ஆனா பேர் கூப்புட்டா நீதான் வந்து நிக்கணும்."

பார்வதம்மா குடத்தைக் கீழே வைத்தார். "கெளம்புடி. பொண்ண ஸ்கூல்லேர்ந்து நான் இட்டாந்துக்கிறேன்."

கவரைப்பேட்டையில் கூட்ஸ் வண்டிக்காக ரயில் நின்றது. ஐந்து நிமிடம், பத்து, இருபது. அவள் அந்தக் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இறங்கியதும் ஓடினோம். கோர்ட் படியில் கால் வைக்கும்போது ஏழுமலை குரல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை அவள் பெயரை முடிப்பதற்குள் பாதிப் படியிலிருந்தே அவள் சொன்னாள்:

"இருக்கேங்க ஐயா."

என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு குரலை நான் கேட்டதில்லை.

4. பிறகு

ஜட்ஜ் ஐயா பதில் மனுவுக்கு நாள் கொடுத்தார். அங்கேயே இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் அவளுக்கு வக்கீல் கிடைத்தார். ஒன்றரை வருடத்தில் இருவரும் பேசிச் சம்மதித்தே பிரிந்தார்கள். மகள் தாயிடம், தகப்பன் இரண்டாவது, நாலாவது ஞாயிறு வந்து பார்க்கலாம் என்று எழுத்தில் உத்தரவு ஆனது. அவனும் கெட்டவன் இல்லை. மகளைப் பார்த்ததும் வராண்டாவில் உட்கார்ந்து அழுதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி பத்திரமாக வைக்கச் சொன்னேன். மகளை வேறு பள்ளியில் சேர்க்கும்போது அதைத்தான் கேட்டார்களாம்.

கோர்ட் காகிதம் வந்தால் வாங்குங்கள். பிரித்துப் படியுங்கள், தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். தெரியாமலே ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால், தெரிந்த உடனே சட்ட உதவி மையத்துக்கு ஓடுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

இதை உங்கள் தெருப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வாசித்தும் காட்டுங்கள். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். முக்கியமாக என்னை நல்லவனாக்கி அனுப்பாதீர்கள். அந்தச் சின்னப் பாதங்களைப் பார்த்த பிறகும் ஒட்டிவிட்டு வந்தேனே, அந்த மதியத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.