மெழுகு ஒட்டிய சாக்ஸ்

போன சனிக்கிழமை பேத்தியை நடன வகுப்பில் விட நானும் மனைவியும் போனோம். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், ஒரு மளிகைக் கடைக்கு அடுத்த கதவு. திறந்ததுமே மரத்தரைக்குப் போடும் மெழுகின் வாசனை. எலுமிச்சையில் மண்ணெண்ணெய் விட்டதுபோல் இருக்கும். உங்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்குத் தொண்ணூறுகளின் ஹூஸ்டன் அப்படியே வந்துவிட்டது.

ஊரில் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு, காதோரம் நரைத்த பிறகு பிஎச்.டி. படிக்கப் போனவன் நான். மனைவி என் விசாவை ஒட்டி வந்தவள். வேலைக்குப் போகக்கூடாது, கார் ஓட்டத் தெரியாது. பகலெல்லாம் அபார்ட்மென்டில் தனியாக இருப்பாள்.

பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் செமஸ்டரின் முதல் வாரம் எல்லா நடன வகுப்பும் இலவசம். மாணவர்கள் மனைவியையும் அழைத்து வரலாம். இலவசம் என்றால் நம் ஆட்கள் எட்டிப் பார்க்காமல் இருப்போமா? திங்களன்று சால்சா. மறுநாள் டாப், ஷூவின் அடியில் இரும்புத் தகடு அடித்து, காலாலேயே தாளம் போடுவார்கள். அதற்கடுத்து ஸ்விங். அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று உடம்புக்கு ஒரு கணம் முன்பே எப்படித் தெரிகிறது? ஆய்வுக்கூடத்தில் வராத கேள்வியெல்லாம் அங்கே வந்தது.

நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். வித்தை சொல்லித்தரும் இடத்தில் வேறெப்படிப் போவது? டெனிஸ் என்ற ஆசிரியை என் வெள்ளை சாக்ஸைப் பார்த்து, "ஹனி, யூ நீட் ஷூஸ்" என்றார். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. டூ-ஸ்டெப் வகுப்பில் டெக்சாஸ் பூட்ஸுகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தேன். தூக்கிவிட்ட பெண் சிரித்துக்கொண்டே என் கையை அடுத்தவளிடம் கொடுத்தாள். பாட்டு மாறினால் ஜோடியும் மாறவேண்டும், அதுதான் அங்கே முறை.

மனைவியிடம் "லேப்" என்று சொல்லியிருந்தேன். துணி துவைப்பவள் அவள். வியாழன் சாயங்காலம் சாக்ஸைத் திருப்பிக் காட்டினாள். அடியெல்லாம் மஞ்சள் மெழுகு.

"ஏனுங்க, லேப்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் போவீங்களா?"

சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், ஒவ்வொரு நடனமாக விசாரித்தாள். டாப் எப்படி என்று சமையலறையில் ஆடிக்காட்டினேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாளைக்கு என்ன?"

"வால்ட்ஸ். அதோட முடியுது."

"என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அங்க நம்மாளுங்க யாரும் வரமாட்டாங்க. உனக்கு போர் அடிக்கும்."

காரணம் அதுவல்ல. பாட்டு மாறும், ஜோடி மாறும், எவனோ ஒருவன் அவள் கையைப் பிடிப்பான். அந்த வாரம் முழுக்க எத்தனையோ பெண்களின் கையைப் பிடித்தவன்தான் இப்படி நினைத்தேன். மறுநாள் உண்மையிலேயே லேபுக்குப் போய், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. பிறகு தானாகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். என்னிடம் கூட்டிப்போகச் சொல்லும் தேவை மெல்ல இல்லாமல் போயிற்று.

போன சனிக்கிழமை, பேத்தியின் வகுப்புக்கு வெளியே காத்திருந்தோம். சுவருக்கு அப்பால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முட்டி அறுவை செய்த காலால் அவள் மெதுவாகத் தாளம் போட்டாள். இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன்.

"அன்னிக்கு வால்ட்ஸுக்குக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"நீலச் சுடிதாரத் தேய்ச்சு வெச்சிருந்தேனுங்க. நீங்க மனசு மாறி வருவீங்களோன்னு சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றவள், "பாப்பா வர்றா பாருங்க, தண்ணி பாட்டில எடுங்க" என்று எழுந்தாள்.

அந்த உடற்பயிற்சிக் கூடத்தை இடித்து கார் நிறுத்த அடுக்குக் கட்டடம் கட்டிவிட்டார்கள். டெனிஸ் எங்கிருக்கிறாரோ. வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். அவளிடம் ஒரு நீலச் சுடிதார் இருந்ததே எனக்கு நினைவில்லை.