பின்செல் பொத்தானின் பக்கம் நின்ற ஸ்டெல்லா

செய்தி வந்தபோது ஈப்போ அலுவலகத்துக்குக் கீழே காப்பிக்குக் காத்திருந்தேன். "ஸ்டெல்லா அக்கா இறந்துட்டாங்க. மாரடைப்பு." காப்பியை வாங்காமலே மாடியேறினேன். அவர் மேசையில், செயலிகளைச் சோதிக்க வைத்திருந்த பழைய கைப்பேசிகள் மின்னேறிக்கொண்டிருந்தன.

பழகியவர்களுக்குத் தெரியும், ஸ்டெல்லா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் நிரலாளர். அடுத்த மேசைக்காரன் என்பதால் அதிகம் வெட்டுப்பட்டவன் நான்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போ அழைத்துவரும் வேனில் இடம் பதிவதற்காக ஒரு செயலி செய்திருந்தோம். வெளியிட்டதுமே புகார். பதிந்தவர்களுக்கு வேனில் இடமில்லை. சரசு அக்கா என்பவர் அதனால் சிகிச்சையைத் தவறவிட்டு, மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார். அலுவலகத்தில் நாங்கள் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

ஸ்டெல்லா என்னையும் இழுத்துக்கொண்டு சரசு அக்கா வீட்டுக்கே போனார். "ஒருக்கா பதிஞ்சி காட்டுங்கக்கா" என்றார். அவர் பதிந்தார். 'இடம் உறுதி' என்று திரை சொன்னது. நாங்களாக இருந்தால் அத்தோடு கைப்பேசியைக் கீழே வைத்திருப்போம். சரசு அக்காவோ பின்செல் பொத்தானை அழுத்தி அழுத்தி, வந்த வழியே ஒவ்வொரு திரையாக வெளியேறினார்.

"ஏங்கக்கா அப்படி?"

"பக்கத்து வீட்டுப் போனும்மா இது. எடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும்லா. நம்மளோடத அப்படியே தொறந்து போட்டுட்டா குடுக்கிறது?"

பிழை அங்கேதான் இருந்தது. உறுதித் திரைக்கு அடியில் பதிவுத் திரையை நாங்கள் அப்படியே விட்டுவைத்திருந்தோம். பின்னால் போனால் அது மறுபடி திறக்கும். அவர் பயணத்தை மாற்றப் போகிறார் என்று செயலி எண்ணிக்கொண்டு, பிடித்த இடத்தை விட்டுவிடும்.

"பின்னால் போகாதீர்கள்னு சிவப்புல போட்டுறலாம்" என்றார் முதலாளி. சுலபமாகத் தோன்றியதால் நானும் தலையாட்டினேன். ஸ்டெல்லாவுக்கு வந்ததே கோபம்!

"இரவல் வாங்குனத ஒழுங்கா திருப்பிக் குடுக்கிற சனம் பாஸ். அந்த நல்ல பழக்கத்தயா மாத்தச் சொல்றீங்க? மாற வேண்டியது நம்ம கோடிங்லா."

மாற்றியும் காட்டினார். இடம் உறுதியானதும் பதிவுத் திரைகள் அடியிலிருந்து நீங்கிவிடும். பின்செல் பொத்தான் நேரே முகப்புக்குக் கொண்டுபோகும். 'ரத்து செய்' என்பதை அழுத்தினாலொழிய இடம் போகாது. அதன்பின் நாங்கள் எந்த வேலையை முடித்துக் காட்டினாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "முன்னால போறத யாரும் செஞ்சிருவாங்க. திரும்பி வந்து பாத்தியா?"

அடக்கத்தன்று தேவாலய வாசலில் சரசு அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடன் வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். மறுநாள் அவருக்குச் சிகிச்சை. இடம் பதிந்தார். பின்செல் பொத்தானை அழுத்தி முகப்புக்கு வந்து, செயலியை விட்டு வெளியேறி, கைப்பேசியை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இடம் நிக்குதான்னு பாக்கலியாக்கா?"

"எதுக்குத் தம்பி? ஸ்டெல்லா செஞ்சதாச்சே."

எத்தனையோ பேர் எங்கள் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு பாராட்டை நான் கேட்டதில்லை. ஸ்டெல்லாவுக்கு அடுத்த மேசையில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை. அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எந்தத் திரையையும் திரும்பி வந்து பார்க்காமல் நான் வெளியே அனுப்புவதில்லை.