அம்புக்குறி போட்ட லாரிக்கு இன்சூரன்ஸ்

ஒரே ஒரு ஊரில், நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிற ஜனங்களும், அந்தப் பயத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற ஒருத்தனும் இருந்தார்களாம். ஊர் மரக்காணம். அந்த ஒருத்தன் நான்தான். எங்கள் வீட்டில் தாத்தா கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஆபீஸ் கவுண்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று நொந்துபோன நீங்கள் எல்லோரும் தாராளமாக 'உம்' கொட்டிக்கொண்டே வரலாம்.

ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதில் பாதி மேஜை என்னுடையது. பைக், ஆட்டோ, மீன் ஏற்றுகிற குட்டி வேன், இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் போடுவேன். எனக்குக் குரல் சன்னம். பக்கத்தில் மெஷின் ஓடினால் நான் பேசுவது எனக்கே கேட்காது. இந்த லட்சணத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் போன புரட்டாசியில் அமலா அக்கா கடைக்குள் வந்தார்.

எவன் அந்த மூணாவது ஆள்?

அமலா அக்காவும் அவர் வீட்டுக்காரர் சேவியர் அண்ணனும் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருப்பவர்கள். ரோட்டோரத்து அளம் இல்லை, உள்ளே தள்ளி, கழுவெளி ஏரிப் பக்கம். முந்தின வருஷம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது எந்த லாரிக்காரனும் ஈரக் கரையில் வண்டியை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேலே தார்ப்பாய் போட்டு மூடிய உப்பு அம்பாரம் அடியிலிருந்து கரைந்தே போனது. இந்த வருஷம் அப்படி விடுவதில்லை என்று, ராணுவத்தில் கழித்துக்கட்டிய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டி. சேறு, மணல் எதுவானாலும் கவலையில்லை. பேப்பர் இல்லாததால் அதை இன்னொரு லாரியின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து அளத்துக்குள் இறக்கியிருந்தார்கள்.

சிக்கல் ஒன்றுதான். அளம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், உப்பைக் கொட்டி வைக்கிற ஷெட் அந்தப் பக்கம். நடுவில் ஈ.சி.ஆர். பேப்பர் இல்லாமல் தார் ரோட்டில் டயர் பட்டால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று போலீஸ்காரர் ஒருவர் தன்மையாகச் சொல்லிவிட்டாராம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அம்பாரம் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் அந்த வருஷத்து வெயில் மொத்தமும் வீண்.

"கவலைப்படாதீங்க அக்கா, தேர்ட் பார்ட்டி போட்டாலே ரோட்டுல ஏறலாம்" என்றேன். "இன்னா?" என்றார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வண்டி என்னுது. ஓட்டப்போறது என் புருஷன். நடுவுல எவன் தம்பி அந்த மூணாவது ஆளு? அவனை இட்டுக்கினு வா, நான் பேசிக்கிறேன்."

அம்பு

ஆர்.டி.ஓ. ஆபீஸில், இன்சூரன்ஸ் கொண்டுவா, நம்பர் தருகிறோம் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர், நம்பர் கொண்டுவா, இன்சூரன்ஸ் தருகிறேன் என்றது. இரண்டுக்கும் நடுவில் நானும் சேவியர் அண்ணனும் பைக்கில் போய்ப்போய் வந்தோம். கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் ஒருவர் மனம் இரங்கி, "பழைய ராணுவ நம்பரைப் போட்டு பாலிசி வாங்கிட்டு வாங்க. நான் அன்னிக்கே தற்காலிக நம்பர் தர்றேன்" என்றார்.

ராணுவ நம்பரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, அப்புறம்தான் எண். என் கம்ப்யூட்டரில் அந்த அம்பைத் தட்ட எழுத்து இல்லை. விட்டுவிட்டுப் போட்டால் நம்பர் தப்பு என்கிறது. யோசித்துப் பார்த்து, ஆங்கில எழுத்தில் ஏ, எம், பி, யூ என்று நான்கு எழுத்தைத் தட்டி, அதன் பின்னால் எண்ணைப் போட்டேன். அம்பு. நமக்குப் புரிகிறது அல்லவா? வாங்கிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். "சார், ஆம்புலன்ஸ்னு போட்டிருக்கீங்க. ஸ்ட்ரெச்சர் ஒண்ணா, ரெண்டா? ஆக்ஸிஜன் வசதி உண்டா?" நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அமலா அக்கா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஸ்ட்ரெச்சர் வாணாம்னு சொல்லு தம்பி. உப்பை ஒக்கார வச்சே இட்டுனு போறோம்."

கால் ரெக்கார்ட் ஆகிறது

ஆம்புலன்ஸை லாரியாக மாற்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள். எடுத்த பெண்ணுக்குத் தேன் மாதிரி குரல். என்ன மாதிரி வண்டி சார் என்றார். மிலிட்டரி வண்டிங்க என்றேன். "ஓ, ஓட்டல் வண்டியா சார்? பிரியாணி டெலிவரிக்கா?" என்றார். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. நம் ரோட்டில் மிலிட்டரி என்று போர்டு போட்டிருந்தால் உள்ளே மட்டன் சுக்காதானே இருக்கும்?

"ஓட்டல் இல்லைங்க, சரக்கு வண்டி" என்றேன். என்ன சரக்கு என்று கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் புராஜெக்ட் மொத்தமும் ஜெராக்ஸ் மெஷினுக்குள் போக ஆரம்பித்தது. நான் சொன்னது, "மிலிட்டரில இருந்து வந்த வண்டிங்க, ஏத்துற சரக்கு உப்பு." மெஷின் சத்தத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது முதல் வார்த்தையும், 'சரக்கு' என்ற வார்த்தையும் மட்டும். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூடப் பிறந்தவனுக்குப் புத்தி சொல்வதுபோலச் சொன்னார்: "சார், இந்த கால் ரெக்கார்ட் ஆகுது. அப்புறம் உங்க இஷ்டம்."

குண்டு பட்ட இடம்

சத்தமில்லாத இடம் தேடி, பணம் இல்லாத ஒரு ஏ.டி.எம். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்று, மறுபடி முழுக் கதையையும் சொன்னேன். பழைய வண்டி என்பதால் ஆள் வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் பாலிசி என்றார்கள். அந்த வாரமே பாண்டிச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். புது கார், பளபளவென்று ஷூ. ரொம்ப நல்ல மனிதர். சின்ன வயதில் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு, உயரம் போதாமல் இன்சூரன்ஸுக்கு வந்தவராம். காரை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கரைமேல் நடந்தே வந்தார். லாரியைப் பார்த்ததும் கிட்டத்தட்ட சல்யூட் அடித்துவிட்டார்.

சேஸிஸ் நம்பர் மேல் பச்சை பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. சேவியர் அண்ணன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை வெளியே கொண்டுவந்தார். நம்பர் பேப்பரோடு ஒத்துப்போனது. இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து போட்டோ எடுத்தார். பின்பக்கத் தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன்மேல் விரலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "எல்லையில பட்டதா இருக்கும்" என்றார். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஓட்டையை மட்டும் தனியாக போட்டோ எடுத்தார், பிறகு அதன் பக்கத்தில் தானும் நின்று என்னை எடுக்கச் சொன்னார். சேவியர் அண்ணன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "குண்டெல்லாம் இல்ல சார். போன வாரம் டிபன் கேரியர் மாட்டறதுக்கு நான் ட்ரில் போட்டது."

கயிற்றுக்கு யார் கேட்பார்கள்?

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர், "வண்டி நல்லா இருக்குது. திங்கக்கிழமை ஆபீஸ் போய் ரிப்போர்ட் போடுறேன். அதுக்கப்புறம் மேல பார்ப்பாங்க" என்றார். கடல் பக்கம் வானம் சிலேட்டு நிறத்துக்கு வந்திருந்தது. முந்தின ராத்திரியே ஒரு தூறல் போட்டிருந்தது. அமலா அக்கா அம்பாரத்தை ஒருமுறை பார்த்தார். காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் தார்ப்பாய் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, எங்களோடு ரோடு வரைக்கும் நடந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் காரை ரிவர்ஸ் எடுத்தார். பின் சக்கரம் இரண்டும் ரோட்டோரத்துச் சகதியில் இறங்கிக்கொண்டன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. நாங்கள் தள்ளினோம். சேறு எங்கள் மேல்தான் வந்தது. சேவியர் அண்ணன் ஓடிப்போய் லாரியைக் கரைமேல் ஓட்டிவந்து, அளத்து மண் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஆசையாகக் கூப்பிட்டார், "வாங்க, இன்னும் கொஞ்சம் ரோட்டு மேல வாங்க." அமலா அக்கா குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துகொண்டுதான் சொன்னார்: "டயர் ரோட்டுல படக் கூடாது சார். பேப்பர் இல்ல. அந்த ஏட்டய்யா சொல்லியிருக்காரு."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து போனை எடுத்தார். "டவர் இருக்குது. ரிப்போர்ட்டை இங்கயே போட்டுர்றேன்" என்று போட்டோக்களை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார். அனுப்பி முடித்து நிமிர்ந்தபோது அமலா அக்கா கையில் நீளமான கயிறு இருந்தது. மோட்டார் இறக்குகிற கயிறு, தார்ப்பாய் கட்டுகிற கயிறு, இன்னும் என்னென்னவோ சேர்த்து முடிச்சுப் போட்டது. அக்கா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே இல்லை, முடிச்சுப் போட நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். "இப்பதான் ரிப்போர்ட் போயிடுச்சே, வண்டி வரலாமே" என்றார் இன்ஸ்பெக்டர். அக்கா ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். "பேப்பர் வர்ற வரைக்கும் வண்டி வராது சார். கயிறு வரும். கயித்துக்கு யாரும் இன்சூரன்ஸ் கேக்க மாட்டாங்க."

கழுத்தில் பாலிசி

பாலிசி வந்தது. கிளார்க் சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே தற்காலிக நம்பர் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் முதல் லோடு. சேவியர் அண்ணன் லாரியைத் தார் ரோட்டில் ஏற்றியதைப் பார்க்க வேண்டுமே. மாதா கோயில் தேரை ஓட்டுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் பஸ், கார் எல்லாம் நின்றன. பாண்டிச்சேரி போகிற கூட்டம் கண்ணாடியை இறக்கி வீடியோ எடுத்தது. உப்பு வாருகிற பெண்கள் அம்பாரத்தின் மேலேயே நின்று கை தட்டினார்கள்.

முன்பு எச்சரித்த அதே போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி நின்றது. அமலா அக்கா லாரியின் மறுபக்கத்திலிருந்து குதித்து ஓடிவந்தார். பாலிசியை எங்கள் ஜெராக்ஸ் கடையிலேயே லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். வேர்வையும் உப்பும் பட்டுவிடக் கூடாதாம். போலீஸ்காரர் குனிந்து, அக்கா நெஞ்சுக்கு நேராகத் தொங்கியதை எட்ட நின்றே படித்தார். முழுக்கப் படித்தார். பிறகு வழி விட்டார். "போம்மா, போ. ஆனா இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், உனக்கு இல்ல. பார்த்து ரோட்டைத் தாண்டு."

ஒழுங்காக ஓட்டியதற்கு

கடைசி லோடு ஷெட்டுக்குள் இறங்கிய சாயங்காலம் மழை தகர ஷீட்டைத் தட்ட ஆரம்பித்தது. உள்ளே கூரைக்கு முட்டும் அளவுக்கு உப்பு. யாரோ பஜ்ஜி வாங்கிவந்தார்கள். யாரோ போனில் பாட்டுப் போட்டார்கள். சேவியர் அண்ணன், எல்லோரும் கேட்டுக்கொண்டதன்பேரில், டான்ஸ் என்று அவர் நம்புகிற ஒன்றை ஆடினார். மழை கொஞ்சம் விட்டதும் உப்பு வாருகிற பெண்கள் கிளம்பினார்கள். அண்ணன் லாரியை நிறுத்தி வைக்கப் போனார். மழை மறுபடி வலுத்தபோது நானும் அமலா அக்காவும் மட்டும் இருந்தோம்.

அக்கா உப்பைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சந்தோஷமாக உதறிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இத்தினி நடை ஓட்டியும் வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. யாரையும் இடிக்கல. அப்ப கட்டுன காசைத் திருப்பிக் குடுத்துருவாங்கதானே?" இந்தக் கேள்விக்கு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் தரையைத்தான் பார்ப்போம். நானும் பார்த்தேன். "அது குடுக்க மாட்டாங்க அக்கா" என்றேன். அவ்வளவு மழைச் சத்தத்திலும் அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. ஒரு காலி உப்புச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டார். "அப்ப ஒழுங்கா ஓட்டுனவங்களுக்கு இன்னாதான்டா மரியாதை?" என்று சிரித்துக்கொண்டே மழைக்குள் இறங்கி நடந்து போனார்.

ஒன்றும் ஆகாவிட்டால் ஏமாந்துவிட்டதாக நினைக்கிற ஜனங்களுக்கு, ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மனசார வேண்டிக்கொண்டே விற்க வேண்டியிருக்கிற சரக்கு இது.