குட்டியின் கால்கட்டு

எங்கள் பெட்டைக்குதிரை குட்டி போட்ட அன்று என் கணவர் கம்பெனிக்கு லீவு போட்டார். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பொறுப்பு அவருக்கு. தீபாவளி சீசனில் லீவு என்ற சொல்லே அவர் வாயில் வராது. மகள் பிறந்ததும் இப்படி ஒரு சீசனில்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், நின்றபடியே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்.

குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் கணுவில் மடங்கியிருந்தன. குளம்பை ஊன்ற முடியாமல் எழுந்து எழுந்து விழுந்தது. மாட்டு டாக்டர் வந்து, நரம்பு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று ஊசி போட்டார். கால்களில் பஞ்சைச் சுற்றி, நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப்பை வைத்துக் கட்டினார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புண்ணாகிவிடும் என்றார்.

நாலு நாள் இவர் கொட்டகையை விட்டு நகரவில்லை. குட்டியைத் தாங்கிப் பிடித்துப் பால் குடிக்க வைத்தார். கட்டை அவிழ்த்து, காலை மடியில் வைத்து நீவிவிட்டார். நான் காப்பியோடு நின்று பார்த்தேன். பிரசவத்துக்குப் பிறகு என் கால்களும் வீங்கித்தான் கிடந்தன. வாயில்லாச் சீவன்மேல் பொறாமைப்பட வெட்கமாக இருந்தது. ஆனாலும் பட்டேன்.

ஐந்தாம் நாள் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பதினொரு மணிக்குக் கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பதினொன்று அடித்தது. துணி மடித்தேன். கீரை ஆய்ந்தேன். மூன்று மணிக்கு அவரே வந்து அவிழ்த்தபோது வலது காலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

மறந்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் அதோடு போயிருக்கும்.

"மறக்கல. வேணும்னேதான் விட்டேன். எனக்குப் பிள்ள பொறந்தப்ப இப்படி ஒரு நாளு பக்கத்துல உக்காந்தீகளா?"

அவர் புண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "அதுக்கு இது என்ன பண்ணும்? என்னைய நாலு வார்த்த வஞ்சிருக்கலாம்ல," என்றார்.

இடது கால் ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிட்டது. புண் ஆறும்வரை வலது காலில் கட்டுப்போட முடியாததால், அதற்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அத்தனை நாளும் மருந்து போட்டது நான்தான். என்னைக் கண்டதும் குட்டி பின்வாங்கும்.

இப்போது அது நன்றாக ஓடுகிறது. கம்பெனியிலிருந்து வந்ததும் அவர் முதலில் கொட்டகைக்குத்தான் போகிறார். எனக்கு இன்னும் சுருக்கென்கிறது. இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "இங்கன ஒருத்தி இருக்கேன்."

சில நாள் திரும்பி வருகிறார்.